ஒரே கடை, மூன்று மொழி பில்: புதுச்சேரியில் யாராவது அமைத்திருக்கிறீர்களா?

வில்லியனூர்_விளக்கு:

எல்லோருக்கும் வணக்கம். வில்லியனூர் சுடுமண் விளக்கு, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை, கூடவே ஊதுபத்தி, சாம்பிராணி. இதுதான் எங்கள் சரக்கு. நானும் அக்காவும் சேர்ந்து வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் கடை போட்டிருக்கிறோம். சொந்தத் தளம்தான், பெரிய சந்தைத் தளங்களில் இல்லை. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது.

வாங்குபவர்கள் மூன்று விதம். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்தவர்கள் தமிழில் பார்க்கிறார்கள். பெங்களூரு, மும்பைக்காரர்களுக்கு ஆங்கிலம். பிரான்ஸில் இருக்கும் நம்ம ஊர்க் குடும்பங்கள் மூன்றாவது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தளத்தை மூன்று மொழியிலும் கொண்டுவந்துவிட்டோம். பில் மட்டும் எல்லோருக்கும் ஆங்கிலத்திலேயே போகிறது.

என் கேள்விகள்: பில்லைத் தமிழில் கொடுத்தால் ஜிஎஸ்டிக்குச் செல்லுமா? மொழிக்கு ஒரு பில் நம்பர் வரிசை வைக்க வேண்டுமா? அப்புறம், தமிழில் போட்டுப் பார்த்தபோது பிடிஎஃப்பில் எழுத்தெல்லாம் கலைந்து வருகிறது, அதற்கு என்ன வழி?

மஞ்சக்குப்பத்தான்:

நான் கடலூரில் முந்திரிப்பருப்பு ஆன்லைனில் விற்கிறேன். நேராகவே சொல்கிறேன், வேண்டாத வேலை. பில்லை யாரும் படிப்பதில்லை. பெட்டியைப் பிரித்ததும் பருப்பை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும். மூன்று மொழி என்றால் மூன்று இடத்தில் தப்பு வரும், அவ்வளவுதான்.

வில்லியனூர்_விளக்கு:

அண்ணே, எங்கள் வாடிக்கையாளர்கள் படிக்கிறார்கள். படித்துவிட்டுப் போனும் செய்கிறார்கள். "எஸ்ஜிஎஸ்டி என்று ஒரு தொகை போட்டிருக்கிறீர்களே, அது என்ன?", "விளக்கு ஆறு கேட்டேன், இதில் ஒன்று என்று இருக்கிறதே?" ஆறு விளக்கு கொண்ட ஒரு செட் என்பதைத்தான் ஒன்று என்று போட்டிருப்போம். கார்த்திகை சமயத்தில் அக்காவுக்கு இந்தப் போன்களை எடுப்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது.

வரிக்கணக்கு:

புதுச்சேரியில்தான் கணக்கு எழுதும் தொழில். முதல் இரண்டு கேள்விக்கு நான் சொல்கிறேன், மூன்றாவதை இங்கே இருக்கும் கணினிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வரி பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்வது மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017-இல் 46-ஆம் விதி. விற்பவர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி, பொருளின் விவரம், பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு, அளவு, வரிக்கு முந்தைய மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, வெளி மாநிலம் என்றால் எந்த மாநிலத்துக்கு என்ற பெயர், கையெழுத்து. இத்தனையும் கேட்கும் அந்த விதி, எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆகவே தமிழ் இருப்பதால் பில் செல்லாமல் போகாது.

ஆனால் ஒரு இடத்தில் தமிழைக் கொண்டுவராதீர்கள்: பில் நம்பர். 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு, சாய்கோடு இவை மட்டும்தான். நிதியாண்டுக்குள் ஒரு நம்பர் இரண்டு முறை வரக்கூடாது. இதில் "பு/" என்று தமிழில் போட்டால் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கை ஏற்றும்போது தளம் திருப்பி அனுப்பிவிடும்.

மொழிக்கு ஒரு வரிசை? வைக்கலாம், விதியே ஒன்றுக்கு மேற்பட்ட வரிசையை அனுமதிக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் முதல் நம்பர் எது, கடைசி நம்பர் எது, நடுவில் ரத்தானது எத்தனை என்று ஜிஎஸ்டிஆர்-1-இன் 13-ஆவது அட்டவணையில் கணக்குக் காட்ட வேண்டும். மாதாமாதம் அதை எழுதப் போவது என்னைப் போன்ற ஒருவர்தான். ஒரே வரிசை வையுங்கள். வாடிக்கையாளர் எந்த மொழியில் படித்தாலும் 147-ஆவது பில் 147-ஆவது பில்தான்.

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் சில பிளகின்கள் (கடைத் தளத்தில் சேர்க்கும் துணை நிரல்கள்) தானாகவே யூடிஜிஎஸ்டி, அதாவது யூனியன் பிரதேச வரி, என்று அச்சடித்துவிடும். நமக்கு அது கிடையாது. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் நமக்கு மாநில வரியான எஸ்ஜிஎஸ்டிதான். சண்டிகர், லட்சத்தீவு, அந்தமான் போன்ற இடங்களுக்குத்தான் அந்த யூடிஜிஎஸ்டி. மூன்று மொழியில் பில் வார்ப்புரு (டெம்ப்ளேட்) செய்யும்போது மூன்றிலும் இதைப் பாருங்கள்.

தமிழே_போதும்:

விதியில் மொழி சொல்லவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் ஏன் ஆங்கிலம்? தமிழ் வாடிக்கையாளருக்கு முழுக்கத் தமிழ், பிரெஞ்சுக்காரருக்கு முழுக்கப் பிரெஞ்சு என்று கொடுங்கள். எல்லாவற்றிலும் ஆங்கிலத்தை ஓரமாக ஒட்டிக்கொண்டே போனால் தமிழில் பில் வரும் காலம் எப்போது?

வரிக்கணக்கு:

தம்பி, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் காகிதத்தை வாடிக்கையாளர் மட்டும் பார்ப்பதில்லை. ராய்ப்பூரில் சோதனைக்காக வண்டியை நிறுத்துகிறவர் பார்ப்பார். நாக்பூரில் ஒரு கடைக்காரர் நம்மிடம் மொத்தமாக வாங்கினால், உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது நம்மிடம் கட்டிய வரியை அவர் கட்ட வேண்டிய வரியில் கழிக்க, அவருடைய ஆடிட்டர் பார்ப்பார். தபாலில் வெளிநாடு போனால் சுங்கக்காரர் பார்ப்பார். அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஆங்கிலத்தில், வாங்கியவருக்குத் தெரிய வேண்டியது அவர் மொழியில். இரண்டும் ஒரே தாளில். அதற்காகத் தமிழைப் பொடி எழுத்தில் போடச் சொல்லவில்லை. தமிழைப் பெரிதாகப் போட்டு, ஆங்கிலத்தை அடியில் சின்னதாகப் போடுங்கள், யார் தடுத்தது?

பொருளின் மேல் ஒட்டும் லேபிள் வேறு கதை. அளவியல் சட்டத்தின் 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளின்படி அங்கே இந்தி அல்லது ஆங்கிலம் கட்டாயம், கூடுதலாகத் தமிழ் போடலாம். ஊதுபத்தி அட்டையில் தமிழ் மட்டும் இருந்தால் அபராதம் வரும். பில்லையும் லேபிளையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எழுத்துருக்காரன்:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வூகாமர்ஸில் அதிகம் பேர் போடும் இலவச பில் பிளகின், பிடிஎஃப் உருவாக்க டாம்பிடிஎஃப் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு எல்லாம் அதில் அழகாக வரும். ஆனால் இந்திய எழுத்துகளைக் கோக்கும் வேலை அதற்குத் தெரியாது. கணினிக்குள் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில் இருக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது பிரௌசரின் வேலை. டாம்பிடிஎஃப் அதைச் செய்யாமல் இருக்கிற வரிசையிலேயே அச்சடித்துவிடும். "மொத்தம்" என்ற சொல்லில் மகரத்துக்குப் பிறகு கொம்பும் காலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். "கு", "டு", "மு" எல்லாம் ஒரே மாதிரி வால் முளைத்து வரும். உங்கள் பில்லில் வருவது இதுதானே? அப்படியானால் எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயன் இல்லை. எந்த எழுத்துருவைப் போட்டாலும் இப்படித்தான் வரும்.

இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, எம்பிடிஎஃப் என்ற இன்னொரு நூலகம். இது 6-ஆம் பதிப்பிலிருந்து இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும். அந்தப் பிளகின்காரர்களே எம்பிடிஎஃப்புக்கு மாற்றும் நீட்சி ஒன்றைக் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் போட்டால் மட்டும் போதாது. எழுத்துரு அமைப்பில் ஓடிஎல் என்ற விருப்பத்தைத் தமிழ் எழுத்துருவுக்கு இயக்க வேண்டும். அதை விட்டால் எம்பிடிஎஃப்பிலும் அதே கலைந்த எழுத்துதான், "இதுவும் வேலை செய்யவில்லை" என்று நிறையப் பேர் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இரண்டு, பில்லை முதலில் வலைப்பக்கமாகச் செய்து, சர்வரில் திரை இல்லாமல் ஓடும் குரோமை வைத்து பிடிஎஃப்பாக எடுப்பது. எழுத்து நூற்றுக்கு நூறு சரியாக வரும். ஆனால் மாதம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் குரோமை நிறுவ விடமாட்டார்கள். தனி சர்வர் இருந்தால் இதுதான் நல்லது. இல்லையென்றால் எம்பிடிஎஃப்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நன்றாக இருக்கும், காசு கிடையாது. இறக்கும்போது ஒரே கோப்பில் எல்லாத் தடிமனும் அடங்கிய மாறு எழுத்துரு ஒன்றும், தடிமனுக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே ஒரு தொகுப்பும் இருக்கும். பிடிஎஃப் நூலகங்களுக்குத் தனித்தனிக் கோப்பைக் கொடுங்கள். வழக்கமும் தடிப்பும் போதும்.

ரூபாய்க் குறி: அது யூனிகோடில் சேர்ந்ததே 2010-இல்தான். பழைய எழுத்துருக்களில் அந்த இடத்தில் வெறும் கட்டம் வரும். தமிழ் வார்ப்புருவில் "ரூ." என்று எழுத்தாகவே போட்டுவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

அப்புறம், அச்சகத்தில் கொடுத்து வாங்கிய பழைய பில் புத்தக வாசகத்தை அப்படியே ஒட்டாதீர்கள். பல அச்சகங்கள் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கின்றன. அதை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

பார்த்தீர்களா, இதற்குத்தான் ஆங்கிலமே போதும் என்றேன்.

அது கிடக்கட்டும், எனக்கு ஒரு சந்தேகம். நான் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினால் மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும், சரி. இவர்கள் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு அனுப்பினாலும் அதேதானே? பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்.

வரிக்கணக்கு:

அதேதான். கடலூருக்கு ஐஜிஎஸ்டி. ஆந்திராவுக்குள் காக்கிநாடா பக்கத்தில் இருக்கும் ஏனாமுக்கு மத்திய வரியான சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். கேரளத்துக்குள் இருக்கும் மாஹேவுக்கும் அப்படியே, ஏனென்றால் புதுச்சேரியின் நான்கு பகுதிக்கும் ஒரே மாநிலக் குறியீடு, 34. தமிழ்நாடு 33. 500 ரூபாய் ஊதுபத்தி ஏனாமுக்குப் போனால் 12.50, 12.50 என்று இரண்டு வரி. கடலூருக்குப் போனால் 25 என்று ஒரே வரி. கட்டுவது ஒரே தொகைதான், காட்டும் கட்டம்தான் வேறு.

இதனால் மொழியை வைத்து வரியை முடிவு செய்யும்படி எந்த வார்ப்புருவும் இருக்கக்கூடாது. தமிழ் பில் என்றால் எஸ்ஜிஎஸ்டி, ஆங்கில பில் என்றால் ஐஜிஎஸ்டி என்று எழுதிவைத்த ஒரு கடையின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். மொழி வேறு, மாநிலம் வேறு.

பாகூர்_ஏரிக்கரை:

மாநிலம் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கும் தளங்கள் எங்கள் ஊரைத் தமிழ்நாட்டில் தள்ளிவிடுகின்றன. 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் கடலூர் என்று கணக்கு. பாகூர் பின்கோடு 607402. நாங்கள் இருப்பது புதுச்சேரியில்! எனக்கு வரும் பில் பாதியில் தமிழ்நாடு என்றுதான் இருக்கிறது.

எழுத்துருக்காரன்:

இதற்கு நேர் எதிராக ஆரோவில் 605101. பின்கோடு புதுச்சேரி மாதிரி இருக்கும், ஊர் விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. விழுப்புரம் டவுனே 605-இல்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே பின்கோடைப் பார்த்து மாநிலத்தைத் தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். மாநிலத்தை வாங்குபவரே தேர்ந்தெடுக்கட்டும். வூகாமர்ஸ் வரி அட்டவணையில் பின்கோடு கட்டத்தை நட்சத்திரக் குறியிட்டு விட்டுவிட்டு, மாநிலத்தை மட்டும் வைத்து எழுதுங்கள்.

அங்கே இன்னொரு சிக்கல்: சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டு வரிசைக்கும் ஒரே முன்னுரிமை எண் கொடுத்தால் வூகாமர்ஸ் ஒன்றை மட்டும்தான் எடுக்கும். ஒன்றுக்கு 1, மற்றதற்கு 2 என்று கொடுங்கள்.

சார்செல்_வாசி:

பாரிஸ் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வாங்கும் பக்கத்து ஆள் நான். பிரெஞ்சு பில் கொடுக்கப் போவது நல்ல விஷயம், என் பெண்ணுக்கு அதுதான் படிக்க வரும். இங்கே 1994 ஆகஸ்ட் 4 தேதியிட்ட மொழிச் சட்டம் ஒன்று இருக்கிறது. நுகர்வோருக்குக் கொடுக்கும் பில், ரசீது எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புதுச்சேரியில் இருக்கும் சின்னக் கடையை யாரும் துரத்திப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் இங்கே இருப்பவர்கள் அதற்குப் பழகிப்போனவர்கள்.

இரண்டு குறிப்பு. தொகையைப் பிரெஞ்சு முறையில் போடுங்கள். ஆயிரத்துக்குக் காற்புள்ளி கிடையாது, இடைவெளி. காசுக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. யூரோக் குறி தொகைக்குப் பின்னால். நீங்கள் 1,250 என்று எழுதினால், என் மாமியார் ஒரு யூரோ இருபத்தைந்து சாந்தீம் என்று படிப்பார், பரம சந்தோஷம்.

அடுத்தது, 150 யூரோவுக்கு உட்பட்ட பார்சலுக்கும் 2021 ஜூலை 1 முதல் இங்கே வாட் உண்டு. பிரான்ஸில் பொதுவாக 20 சதவீதம். விற்பவர் முன்கூட்டியே கட்டவில்லை என்றால் தபால்காரர் வரும்போது எங்களிடம் வாங்குகிறார்கள், அதற்கு மேல் கையாளும் கட்டணம் வேறு. அதைப் பில்லிலேயே ஒரு வரி பிரெஞ்சில் எழுதிவிட்டால் பெட்டியைத் திருப்பி அனுப்பும் சண்டை வராது.

வரிக்கணக்கு:

பிரான்ஸ் பில்லுக்கு நம்ம பக்கத்து விஷயம் ஒன்று. அது ஏற்றுமதி. உறுதிமொழிக் கடிதம், அதாவது எல்யூடி, நிதியாண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டி தளத்தில் ஆர்எஃப்டி-11 படிவத்தில் கொடுத்திருந்தால் வரி போடாமல் அனுப்பலாம். அந்தப் பில்லில், எல்யூடியின் கீழ் ஐஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதிக்காக அனுப்பும் சரக்கு என்ற பொருளில் ஒரு வாசகம் இருந்தாக வேண்டும், 46-ஆம் விதியே அதைக் கொடுத்திருக்கிறது. அந்த வாசகத்தை மொழிபெயர்க்காதீர்கள். விதியில் இருக்கிறபடி ஆங்கிலத்திலேயே போடுங்கள். பிரெஞ்சில் அழகாக எழுதி, மூல வாசகம் இல்லாமல் போனால் பிரச்சினை உங்களுக்குத்தான்.

பிரான்ஸில் இருக்கும் மகன் பணம் கட்டி, அரியாங்குப்பத்தில் இருக்கும் அம்மாவுக்கு விளக்கு அனுப்பச் சொன்னால் அது ஏற்றுமதி இல்லை. சரக்கு ஊரைத் தாண்டவே இல்லை. பதிவு இல்லாத வாடிக்கையாளருக்கு, பில்லில் இருக்கும் முகவரியின் மாநிலம்தான் கணக்கு என்று 2023 அக்டோபர் 1 முதல் சட்டம். பில் முகவரியும் டெலிவரி முகவரியும் வேறு வேறு என்றால் டெலிவரி முகவரியை எடுத்துக்கொள்ளச் சொல்லி 2024 ஜூனில் சுற்றறிக்கையும் வந்தது. ஆகவே அந்தப் பில்லில் மொழி பிரெஞ்சாக இருக்கும், வரி சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டியாக இருக்கும்.

வில்லியனூர்_விளக்கு:

அட, எங்களுக்கு இந்த மாதிரி ஆர்டர்தான் நிறைய வருகிறது. மகன் அங்கே, அம்மா இங்கே. அப்போது பில்லை எந்த மொழியில் கொடுப்பது? பணம் கட்டியவருக்குப் பிரெஞ்சு, பெட்டியைப் பிரிப்பவருக்குத் தமிழ்.

எழுத்துருக்காரன்:

இரண்டு காகிதமாகப் பிரித்துவிடுங்கள். வரி பில் ஆர்டர் போட்ட மொழியில், மின்னஞ்சலில் மகனுக்குப் போகட்டும். பெட்டிக்குள் வைப்பதற்குப் பேக்கிங் சீட்டு. அதில் விலை வேண்டாம், வரி வேண்டாம், என்ன பொருள், எத்தனை, எப்படி வைத்துக்கொள்வது, எந்தப் போன் நம்பர், இவ்வளவு போதும். அதை முழுக்கத் தமிழில், பெரிய எழுத்தில் கொடுங்கள். பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில் "பெட்டியில் வைக்கும் சீட்டு எந்த மொழியில்?" என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் முடிந்தது. உங்கள் ஆறு விளக்குச் சண்டையும் இதிலேயே தீரும். "செட் 1, விளக்கு 6" என்று சீட்டில் எழுதிவிடலாம்.

தமிழே_போதும் நண்பருக்கும் இதில் திருப்தியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சார்செல்காரர் சொன்ன இடைவெளியைப் பற்றி: நிரலில் பிரெஞ்சு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆயிரத்துக்கு நடுவில் சாதாரண இடைவெளி வராது, குறுகிய பிரியா இடைவெளி என்று யூனிகோடில் தனியாக ஒரு குறி இருக்கிறது, அது வரும். பல எழுத்துருக்களில் அந்தக் குறியே இல்லை. விளைவு, 1 250 என்பதற்கு நடுவில் ஒரு கட்டம். திரையில் தெரியாது, பிடிஎஃப்பில்தான் தெரியும். அச்சடிக்கும் முன் அதைச் சாதாரணப் பிரியா இடைவெளியாக மாற்ற ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தமிழுக்கு இந்தத் தலைவலி இல்லை. தமிழ், இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் 1,25,000 என்று லட்சக் கணக்கில் நமக்குப் பழகிய எண்ணிலேயே வரும்.

தமிழே_போதும்:

பேக்கிங் சீட்டு யோசனை பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறேன். தொகையைத் தமிழில் எழுத்தால் எழுத வழி உண்டா? "ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்" என்று பார்த்தால் பில்லுக்கே ஒரு களை வரும்.

எழுத்துருக்காரன்:

உண்டு, ஆனால் தயாராகக் கிடைக்கும் நிரல்துண்டுகளை நம்பாதீர்கள். ஆங்கிலம்போல் சொல்லை வரிசையாக ஒட்டி "ஆயிரம் இரண்டு நூறு ஐம்பது" என்று போடும் ரகம் நிறைய. பின்னால் இன்னொரு எண் வந்தால் ஆயிரம் ஆயிரத்து ஆக வேண்டும், நூறு நூற்று ஆக வேண்டும், இருபது இருபத்து ஆக வேண்டும். 90, 900 இரண்டுக்கும் தனிச் சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் தனியே நிற்கும் வடிவம், தொடரும் வடிவம் என்று இரண்டு பத்தி போட்டு அட்டவணை எழுதினால் சரியாக வரும். ஒரு மாலை வேலை.

வரிக்கணக்கு:

46-ஆம் விதி எழுத்தால் எழுதச் சொல்லவில்லை. களை வேண்டுமென்றால் போடுங்கள்.

காரைக்கால்_துறை:

யாரும் சொல்லாத ஒன்று. வூகாமர்ஸில் ஆர்டர் விழும்போது பொருளின் பெயர் அந்த மொழியிலேயே ஆர்டருக்குள் பதிவாகிவிடும். மாதக் கடைசியில் ஆர்டர்களை இறக்கி டாலி கணக்கு மென்பொருளில் ஏற்றினால் ஒரே சாம்பிராணி மூன்று பெயரில் மூன்று சரக்காக உட்காரும். இருப்புக் கணக்கு நாறிவிடும். பெயரை வைத்துப் பொருத்தாமல் எஸ்கேயு எண்ணை (பொருளுக்கு நாம் கொடுக்கும் அடையாள எண்) வைத்துப் பொருத்துங்கள். மூன்று மொழியிலும் பொருளுக்கு ஒரே எஸ்கேயு.

இறக்கிய கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் எல்லாம் சித்திரக் குறியாகத் தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும். அதைப் பார்க்காமல் சேமித்துவிட்டால்தான் உண்மையிலேயே கெட்டுப்போகும்.

பாகூர்_ஏரிக்கரை:

கடையில் சின்னத் தெர்மல் பிரிண்டர் வைத்திருக்கிறோம், அதில் தமிழ் வருமா?

எழுத்துருக்காரன்:

எழுத்தாக அனுப்பினால் பெரும்பாலானவற்றில் வராது. படமாக மாற்றி அனுப்பினால் வரும், கொஞ்சம் மெதுவாக.

காரைக்கால்_துறை:

கூரியர் லேபிளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ் முகவரி மட்டும் ஒட்டி ஒரு கூரியரில் சூரத்துக்கு அனுப்பினோம். பெட்டி ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்களிடமே வந்து சேர்ந்தது. உள்ளூர் என்றால் தமிழ், தாண்டினால் ஆங்கிலம். செக்அவுட்டில் வாடிக்கையாளர் முகவரியைத் தமிழில் தட்டினாலும் ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். அவை ஆங்கிலத்தில் பதிவாகும். வீட்டு நம்பரும் தெருவும் தமிழில் இருந்தால் சமாளிக்கலாம்.

வில்லியனூர்_விளக்கு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவோடு உட்கார்ந்து ஒரு வார்ப்புரு போட்டோம். எம்பிடிஎஃப்புக்கு மாறிவிட்டோம், ஓடிஎல்லை இயக்கியதும் "மொத்தம்" ஒழுங்காக வந்துவிட்டது. மேலே கடை பெயர், ஜிஎஸ்டி எண், பில் நம்பர், தேதி எல்லாம் ஆங்கிலத்தில். அட்டவணைத் தலைப்பு ஒவ்வொன்றும் இரண்டு வரி, மேல் வரி வாடிக்கையாளர் மொழி, கீழ் வரி ஆங்கிலம். பொருள் பெயரும் அப்படியே. வரிப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் ஒரே வரி, பக்கத்தில் அடைப்புக்குள் "மத்திய அரசு வரி", "புதுச்சேரி அரசு வரி" என்று தமிழில் விளக்கம். மாதிரி பில்லைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் காட்டியதில் அவர் முதலில் கேட்டது, "இந்த அனுப்பும் செலவைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" பில் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டோம்.

ஒரு குறை. "வரிவிதிப்புக்கு உரிய மதிப்பு" என்று போட்டதில் அந்தப் பத்தி அகலமாகி, பொருள் பெயர் நசுங்குகிறது.

எழுத்துருக்காரன்:

"வரிக்கு முன்" என்று போடுங்கள். அடியில் ஆங்கிலம் முழுதாக இருக்கிறதே, போதும். வரி இடைவெளியை ஒன்றரைக்குக் குறையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் "மூ", "கீ" மாதிரி எழுத்துகளின் மேலும் கீழும் கட்டத்துக் கோட்டில் இடிக்கும். ஏனாமுக்குத் தெலுங்கு சேர்க்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், தெலுங்கில் எழுத்துக்குக் கீழே எழுத்து தொங்கும்.

பிடிஎஃப்பின் கோப்புப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ்ப் பெயர் வைத்த இணைப்பு சில மின்னஞ்சல் பெட்டிகளில் வெறும் சதவீதக் குறியாகப் போய்ச் சேர்கிறது.

வரிக்கணக்கு:

பில் உருவான அன்றே பிடிஎஃப்பைச் சேமித்து வைத்துவிடுங்கள். தேவைப்படும்போது மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து வார்ப்புருவை மாற்றியிருப்பீர்கள், மொழிபெயர்ப்பைத் திருத்தியிருப்பீர்கள், அதே நம்பரில் வேறு மாதிரி பில் வரும். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஆவணம் இருக்க வேண்டும்.

வில்லியனூர்_விளக்கு:

சரி சார். உடைந்த விளக்கைத் திருப்பி அனுப்பினால்? பணம் திருப்பிக் கொடுக்கும்போது கிரெடிட் நோட்டும் அதே மொழியில் வர வேண்டுமா?

வரிக்கணக்கு:

மொழி உங்கள் விருப்பம், ஆனால் ஒரே மொழியில் இருந்தால் வாடிக்கையாளருக்குக் குழப்பம் இல்லை. கிரெடிட் நோட்டுக்குத் தனி நம்பர் வரிசை வையுங்கள். எந்தப் பில்லுக்கு எதிராக என்று அந்தப் பில் நம்பரும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். இலவசப் பிளகினில் கிரெடிட் நோட்டு வராது என்று நினைக்கிறேன், கணினிக்காரர் சொல்லட்டும்.

எழுத்துருக்காரன்:

ஆமாம், அது காசு கட்டிய பதிப்பில்தான். மாதத்துக்கு இரண்டு மூன்று திரும்பினால் கையாலேயே போட்டுக்கொள்ளலாம்.

வரிக்கணக்கு:

புதுப் பில்லைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முன் நான்கு சோதனை ஆர்டர் போட்டு எனக்கு அனுப்புங்கள் மேடம். கடலூருக்கு ஒன்று, ஏனாமுக்கு ஒன்று, பிரான்ஸுக்கு எல்யூடியோடு ஒன்று, பிரான்ஸில் பணம் கட்டி அரியாங்குப்பத்தில் டெலிவரி ஒன்று. நான்கிலும் வரிக் கட்டம் சரியாக இருந்தால் பிறகு எந்த மொழியைச் சேர்த்தாலும் பயம் இல்லை.

பாகூர்_ஏரிக்கரை:

ஐந்தாவதாக பாகூருக்கு ஒன்று போடுங்கள். விளக்கு செட்டாகவே போட்டால் நானே காசு கட்டி வாங்கிக்கொள்கிறேன்.